பைய அண்ணாச்சியின் வெப்சைட்

திருவனந்தபுரத்தில் ஆட்டோ ஹாரனையே அடக்கிய மனிதர் ஒருவர்தான். அவர் பைய அண்ணாச்சி. பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் அப்படியே நின்றுவிடுவார். திரும்பி வந்து, தொட்டிலில் குழந்தை தூங்குவதுபோல உதட்டில் விரலை வைத்து, "பைய மக்கா, பைய" என்பார். மெதுவாக என்பதற்கு நாகர்கோவில்காரர்கள் சொல்லும் 'பைய'. அவர் தலையைக் கண்டாலே கரமனை ஆட்டோக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். முழுக்க நம்ப வேண்டாம், பாதி உண்மை.

எழுபதை நெருங்கிய அண்ணாச்சி, 'கோவளம் வெல்வெட்ஸ்' என்ற சாஃப்ட் ராக் குழுவின் பாடகர். கித்தாரும் அவரே. ராக் இசைக்குக் காய்ச்சல் வந்து கம்பளி போர்த்திக்கொண்டால் எப்படி இருக்குமோ, அதுதான் சாஃப்ட் ராக். குழுவில் மீதி இருந்த இன்னொருவர் சாமுவேல் அண்ணன். டிரம்மின்மேல் குளிக்கிற துண்டை விரித்துத்தான் தட்டுவார்.

இருவருக்கும் வெகுநாளாக மேடையே இல்லை. கடற்கரை ஹோட்டல் ஒன்று சனிக்கிழமை சாயங்காலங்களுக்குப் பாட்டுக்குழு தேடியது. வெப்சைட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். "இதுவும் கெடைக்கல்லேன்னா நான் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டோட போயிருவேன்" என்று சாமுவேல் அண்ணன் சொல்லிவிட்டார். அவர் போனால் குழு போச்சு. அண்ணாச்சிக்குப் பேச்சுத்துணையும் போச்சு.

அப்படித்தான் எங்கள் சின்ன வெப்சைட் அலுவலகத்துக்கு அண்ணாச்சி வந்தார். வந்ததும் ஃபேனை நிறுத்தினார். அது மே மாதம்.

டிசைனர் பிந்து கறுப்பும் சிவப்புமாக, தீப்பிடித்து எரிகிற கித்தாருடன் முதல் பக்கத்தைக் காட்டினாள்.

"என்ன மோளே, வெடிக்கடை விளம்பரமா?"

"ராக்குன்னா இங்ஙனதான் அங்கிளே."

"நாங்க சாஃப்டாக்கும். பால் கூடிப்போன சாயா நெறத்துல போடு."

பிந்து கீழ்க்கடையில் ஒரு சாயா வாங்கிவந்து, கண்ணாடி கிளாஸைத் திரையோடு ஒட்டிவைத்து நிறம் கலக்க ஆரம்பித்தாள். சாயா ஆறி ஆடை கட்டிய பிறகுதான் அண்ணாச்சி தலையாட்டினார். எழுத்தும் அதே நிறம்தான் வேண்டுமாம்.

"அங்கிளே, எழுத்து ஒண்ணும் காணான் இல்லல்லோ!"

"அவசரப்படாதே. பைய தெரியும்."

அடுத்து மாதிரிப் பாட்டு. அவர் பதிவு செய்து கொண்டுவந்ததைக் கேட்டு, ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று நான் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன். பிந்து அவருக்குத் தெரியாமல் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தாள். மறுநாள் வந்து கேட்டவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"யாரு மோளே இவன், இந்தக் கத்து கத்துகான்?"

"நிங்ஙள்தன்னே அங்கிளே!"

அவர் நம்பவில்லை. சத்தம் பழையபடி இறங்கியது.

பயந்ததுதான் நடந்தது. அண்ணாச்சியும் சாமுவேல் அண்ணனும் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஹோட்டல் மேனேஜர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாரே, சைட்டுல பாட்டு ஒண்ணும் கேக்குந்நில்லல்லோ. ஞங்ஙள் வேற ஆள நோக்கட்டே?"

சாமுவேல் அண்ணன் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அண்ணாச்சியோ கித்தாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போனருகே குனிந்தார்.

"மேனேஜர் சாரே, அங்க என்னமோ கடகடங்குது. அத நிறுத்தும்."

ஏதோ நின்றது.

"டிவியையும்."

அதுவும் நின்றது.

"பின்னால ரெண்டு பேரு பேசுகாவ."

"எல்லாரும் ஒந்நு மிண்டாதிரிக்கூ!" என்று எல்லார் வாயையும் அடைக்க மேனேஜர் அங்கே போட்ட அதட்டல் எங்கள் ஜன்னலை அதிரவைத்தது.

அண்ணாச்சி பாடினார். சாமுவேல் அண்ணன் பையை இறக்கி, துண்டை என் மேஜைமேல் விரித்து, இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தார். பாட்டு முடிந்தது. போனில் சத்தமே இல்லை.

"லைன் போச்சாடே?" என்றார் அண்ணாச்சி, முகம் வெளுத்து.

"இல்ல சாரே..." மேனேஜர் குரல் இப்போது ரகசியம் பேசுவதுபோல இருந்தது. "இன்னும் ஒண்ணுகூடி பாடுங்க."

ஒன்றுக்கு நாலாகப் பாடினார். சனிக்கிழமைகள் கிடைத்துவிட்டன.

இப்போதும் பாட்டுக்கு நடுவே, ஓய்வு நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து மகன் கூப்பிடுவான். "அடுத்த மாசம் பாப்போம்டே" என்பார் சாமுவேல் அண்ணன். அண்ணாச்சி காதில் விழாதவர்போலக் கித்தார்த் தந்தியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு சாஃப்ட் ராக் இன்றுவரை பிடிபடவில்லை. அந்த முகத்தைப் பார்க்கத்தான் சனிக்கிழமை தவறாமல் போகிறேன்.