தொடையில் வந்த அழைப்பு

சாப்பிட உட்கார்ந்த கணவனின் கை மறுபடியும் வலது தொடைக்குப் போனது. பையிலிருந்து போனை எடுத்தான், பார்த்தான், திரும்ப வைத்தான்.

"யாரு?" என்றாள் மனைவி.

"யாருமில்ல. அதிர்ந்த மாதிரி இருந்துது."

யாருமில்லாததற்கு முகம் ஏன் வெளுக்கிறது? மூக்குக்கண்ணாடிக் கடையில் அவனுக்கு வேலை. நாள் முழுக்கப் பெண்களின் காதோரம் முடியை ஒதுக்கி, பிரேமை மாட்டி, "உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லச் சம்பளம் வாங்குகிறவன். அவளிடம் அந்த வார்த்தையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்குள் நுழைந்ததுமே போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினாள். அப்போதும் கை தொடைக்குப் போனது. அப்படியானால் இன்னொரு போன் இருக்கிறது. அவன் குளிக்கப் போனதும் கால்சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினாள். கண்ணாடி துடைக்கிற துணி ஒன்று விழுந்தது. ரோஸ் நிறம். அன்றைக்கு வீட்டில் சமையல் இல்லை.

அடுத்து ஊசியை எடுத்து எல்லா வலது பைகளையும் தைத்து மூடினாள். அவன் போனை இடப்பக்கம் மாற்றினான். இடது தொடையும் துடிக்க ஆரம்பித்தது.

"ஓ, ரெண்டு பேரா?" என்றாள்.

கடைசியில் நரம்பு டாக்டரிடம் இழுத்துப் போனாள். போனை நர்ஸ் வாங்கி வைத்துக்கொள்ள, அவனைப் படுக்கவைத்துக் காலில் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள். அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் தன் போனும் கையுமாக இருப்புக் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். நரம்பு நன்றாகத்தான் இருக்கிறதாம். மூளை ஓர் அழைப்புக்காகவே காத்துக்கிடந்தால், துணி உரசுவதைக்கூடப் போன் அதிர்வதாக எடுத்துக்கொள்ளுமாம்.

"அப்படி யாரோட போனுக்கு சார் காத்துட்டிருக்கீங்க?" என்றார் டாக்டர்.

அவன் தரையைப் பார்த்தான். அவளுக்கு அது போதும். பிறந்த வீட்டுக்கு எந்தப் பெட்டியை எடுத்துப்போவது என்பதுவரை மனசுக்குள் முடிவாகிவிட்டது. போனோடு வந்த நர்ஸை மடக்கினாள்.

"இவ்வளவு நேரம் உன்கிட்டதானேம்மா இருந்துது. யாராவது கூப்பிட்டாங்களா?"

"விடாம கூப்பிட்டாங்கக்கா."

"கேட்டீங்களா டாக்டர். யாரு, பொம்பளையா?"

நர்ஸ் போனை அவள் கையிலேயே கொடுத்தாள்.

"'வீடு'ன்னு வந்துதுக்கா. நீங்க வெளிய போனைக் காதுல வைக்கிறப்பெல்லாம் இது அதிர்ந்துச்சு."