மூலை மீனுக்கு நியாயம் கேட்டேன்

மரியாதைக்கும் அதைவிடச் சற்று அதிகமான பயத்துக்கும் உரிய பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை மகன் எழுதுவது. இங்கே நானும், சிஸ்டரும், உங்களுக்குப் பதிலாக வந்திருக்கும் டாக்டரும் நலம். பல்வலிக்காரர்கள் வழக்கம்போல நலமில்லை. அங்கே நீங்களும் பெரியப்பாவும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். அக்கா நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசாமல் மூலையில் போய்ச் சாய்ந்துகொள்கிறாள் என்று போனில் வருத்தப்பட்டீர்கள். பிரசவம் நெருங்கினால் அப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று சிஸ்டர் எழுதச் சொன்னார். மூன்று பெற்றவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் "பெரியம்மா, அந்த மீன்..." என்று ஆரம்பித்தாலே நீங்கள் "எத்தனை?" என்று கேட்டுவிடுவீர்கள். கடிதத்தில் என்றால் அந்த எண்ணிக்கையை எனக்குத் தைரியம் வரும் இடத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறது. "மூணு வாரம் கிளினிக்கை ஒழுங்கா பாத்துக்கோ. பாத்துக்கிட்டா உன்னை நிரந்தரமா வெச்சுக்கறேன். இல்லைன்னா உங்கப்பா கடையில போய் ஆணி நிறுத்துப் போடு." ஆணி நிறுப்பதில் எனக்கு அவமானம் இல்லை. அந்தக் கடையில் பதினைந்து வருடமாக உழைக்கும் இரண்டு பேரை அப்பா கூப்பிடும் விதத்தை வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டுமே, அதுதான் முடியாது. வாயைத் திறந்தே மூன்று வேலையை விட்டவன் நான். கடைசியாக இருந்த கிடங்கில், பத்து மணி நேரம் நின்றபடி பெட்டி ஒட்டும் பெண்களுக்கு நாற்காலி கேட்டேன். நாற்காலி வரவில்லை, நான்தான் வெளியே போனேன். ஆகவே இந்த நான்காவது வேலையில் வாயைத் திறப்பது நோயாளிகளின் பொறுப்பு என்று முடிவு செய்திருந்தேன்.

காத்திருக்கும் அறைத் தொட்டியில் பதினான்கு மீன் இருந்தன. இன்னும் ஆறு வாங்கி விடச் சொல்லி, மருந்துச் சீட்டுத் தாளில் ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தீர்கள். அதை இப்போதும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கடையில் உன் எதிரிலேயே தீனி போடச் சொல், ஓடி வந்து தின்கிற மீனை மட்டும் வாங்கு. கண் தெளிவாக இருக்க வேண்டும், துடுப்பை விரித்து நீந்த வேண்டும், உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது. மூலையில் ஒதுங்கி நிற்பதைத் தொடாதே. ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதே. கடைத் தண்ணீரை நம் தொட்டியில் ஊற்றாதே. புது மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார். கடைசி வரிக்கு இரண்டு முறை அடிக்கோடு. இவ்வளவு தெளிவாக எழுதிய ஒன்றை ஒருவன் மீற வேண்டுமானால் அவன் முட்டாளாக இருக்க வேண்டும், அல்லது கொள்கை உள்ளவனாக இருக்க வேண்டும். நான் எந்த வகை என்று நீங்களே முடிவு செய்யுங்கள், இரண்டுக்கும் என்னிடம் சாட்சி இருக்கிறது.

கடை குறுகலான சந்து மாதிரி. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடித் தொட்டிகள், ஓயாத மோட்டார் இரைச்சல், ஈரத் தரை. கடைக்காரர் விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. நான் உங்கள் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதியாகக் கேட்டேன். தீனி போடச் சொன்னேன், கண்ணைக் காட்டச் சொன்னேன், எந்தத் தேதியில் வந்த சரக்கு என்று விசாரித்தேன். அவர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "தம்பி, நீங்க மீன் வாங்க வந்தீங்களா, வேலைக்கு ஆள் எடுக்க வந்தீங்களா?" என்றார். அங்கேதான் எனக்குப் பிடித்தது சனி. உங்கள் குறிப்பை மறுபடியும் பார்த்தேன். சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், முன்னால் ஓடி வர வேண்டும், உடம்பில் குறை இருக்கக் கூடாது, ஒதுங்கி நிற்பவன் வேண்டாம். என்னை நேர்முகத் தேர்வில் நிராகரித்த அத்தனை பேரும் கையில் வைத்திருந்த அதே தாள், பெரியம்மா. கையெழுத்துதான் வேறு.

நிமிர்ந்து பார்த்தால், ஒரு தொட்டியில் ஏழெட்டு மீன் தீனிக்கு முட்டி மோதிக்கொண்டிருக்க, கருப்பு மீன் ஒன்று மட்டும் பின்மூலையில் அசையாமல் நின்றது. வயிறு உப்பியிருந்தது. தீனி மூக்கின்மேல் வந்து விழுந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. அது தின்ன முடியாமல் நிற்கவில்லை, அந்த அடிதடியில் கலந்துகொள்ள மறுத்து நிற்கிறது என்று எனக்குப் பட்டது. கிடங்கில் நான் நின்ற மூலையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அதைக் கொடுங்கள் என்றேன். வேண்டாம் தம்பி, வயிறு வீங்கிப்போச்சு, நாளைக்கே போயிடும் என்று அவர் நேர்மையாகச் சொன்னார். நான் விடவில்லை. லாபத்துக்காக உயிரைத் தரம் பிரிக்கிறீர்கள், ஓடுகிறவனுக்குத்தான் உலகம் என்று மீனுக்கும் கற்றுக்கொடுக்கிறீர்கள், முதலாளி என்றால் இப்படித்தான் என்று அரைமணி நேரம் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "முதலாளி சாயங்காலந்தான் வருவாரு. நான் சம்பளத்துக்கு நிக்கிறவன் தம்பி. நீங்க எந்திரிச்சீங்கன்னா அந்த ஸ்டூலு மேல ஏறி உங்களுக்கு மீனு புடிச்சுத் தருவேன்." அப்போதுதான் கவனித்தேன். கடையில் இருந்த ஒரே ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து நிற்கும் மனிதருக்கு, உட்கார்ந்தபடி உழைப்பாளர் உரிமையை விளக்கியிருக்கிறேன்.

வெட்கம் வந்தால் மனிதன் வாயை மூடுவான். நான் இன்னும் மூன்று மீன் கேட்டேன். பின்பக்க வாளியில் தேறாது என்று ஒதுக்கி வைத்திருந்த அந்த மூன்றையும் கொடுங்கள் என்றேன். அவர் காசே வாங்கவில்லை. ஒரே பையில் நாலையும் போட்டு, இனிமேல் இந்தப் பக்கம் வர மாட்டேன் என்று என்னிடம் வாக்குறுதி வாங்காத குறையாகக் கொடுத்தனுப்பினார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிறையை உடைத்து நாலு பேரை மீட்டுவந்தவன் மாதிரி தெருவில் நடந்தேன். கிளினிக்கில் சிஸ்டர் தனித் தொட்டியைக் கழுவித் தயாராக வைத்திருந்தார். வாழ்க்கை முழுக்க ஒதுக்கப்பட்டதை இங்கேயும் ஒதுக்குவதா என்று கேட்டுவிட்டு, பையில் இருந்த தண்ணீரோடு அப்படியே பெரிய தொட்டியில் கவிழ்த்தேன். சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கையாலதான தம்பி தினமும் நூறு வாட்டி கிருமிநாசினி தடவறே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாலாம் நாள் பழைய மீன்களின் உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. ஐந்தாம் நாள் எல்லாம் கல்லில் உடம்பைத் தேய்க்கின்றன. உப்புப் போட்டால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள், எவ்வளவு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று தெரிந்துவிடுமே. கை நிறைய அள்ளிப் போட்டேன். பிறகு மருந்து என்று ஒன்றை ஊற்றினேன், தண்ணீர் மை கரைத்தாற்போல் நீலமாகிவிட்டது. காத்திருக்கும் அறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், நீல இருட்டிலிருந்து ஒவ்வொன்றாக மல்லாந்து மேலே வரும் மீனைப் பார்த்தபடி தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், மூன்றாவது மீன் மிதந்ததும் எழுந்து, "வலி சுத்தமா போயிடுச்சு தம்பி, நான் அப்புறம் வரேன்" என்று போனவர் இன்னும் வரவில்லை. உங்கள் விரலைக் கடித்தாளே, அந்தக் கடிக்கிற பாப்பா, அவளுக்காகத்தானே நீங்கள் தொட்டியே வைத்தீர்கள். அவள் வந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "இவங்கெல்லாம் வாயைத் திறந்தாங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் வாயை டாக்டரால் மட்டுமல்ல, அவள் அம்மாவாலும் திறக்க முடியவில்லை. அன்று மாலையே தொட்டியை மறைத்து 'தினமும் இருமுறை பல் துலக்குங்கள்' போஸ்டரைச் சாய்த்து வைத்தேன். அது விழாமலிருக்க, குழந்தைகளுக்குச் சொத்தைக் குழியைக் காட்ட நீங்கள் வைத்திருக்கும் அந்தப் பெரிய பிளாஸ்டிக் கடைவாய்ப் பல்லை முட்டுக் கொடுத்தேன்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். பதினான்கில் பதினொன்று போய்விட்டன. வாளியிலிருந்து மீட்டுவந்த மூன்றும் போய்விட்டன. நியாயத்தின் பெயரால் ஒன்பது நாளில் பதினான்கு உயிர். அப்பா கடையில் பதினைந்து வருடத்தில் இவ்வளவு சேதம் நடந்ததில்லை. ஆச்சரியம் என்னவென்றால், நாளைக்கே போய்விடும் என்று சொன்ன அந்தக் கருப்பு மீன் போகவில்லை. அதே வயிறு, அதே மூலை. தின்னவும் இல்லை, சாகவும் இல்லை. என்னை மட்டும் பார்க்கிறது. இப்போது நான்தான் அந்த மூலைப் பக்கம் போவதில்லை.

நேற்று மறுபடியும் கடைக்குப் போனேன். செத்த மீனுக்கு நியாயம் கேட்க என்றுதான் கிளம்பினேன். அவர் என்னைக் கண்டதும் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "நான் குடுக்கலை தம்பி. நீங்க புடுங்கிட்டுப் போனீங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து உங்கள் குறிப்பை எடுத்தேன். இரண்டு முறை தீனி போடச் சொன்னேன். ஒன்றைக் கண் கலங்கியிருக்கிறது என்று தள்ளினேன், இன்னொன்றைத் துடுப்பு கொஞ்சம் கிழிந்திருக்கிறது என்று தள்ளினேன். ஒன்றைக் காரணமே இல்லாமல், முகம் சரியில்லை என்று தள்ளினேன். தள்ளும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சுகம் இருந்தது, பெரியம்மா, அதை மறைக்க மாட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைத் தள்ளியவர்கள் முகத்தில் பார்த்த அதே சுகமாகத்தான் இருக்க வேண்டும். ஆறு மீனை வலையில் பிடித்துக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "போன வாரம் ஒரு ஆளு வந்து என்னை முதலாளின்னு திட்டிட்டுப் போனாரு. பாவம், நல்ல மனுசன். அவரு நல்லாருக்காரா?"

அந்த ஆறும் இப்போது எக்ஸ்ரே அறையில் தனித் தொட்டியில் இருக்கின்றன. விதிப்படி இரண்டு வாரம். ஆறும் ஆரோக்கியம். போட்டதையெல்லாம் தின்கின்றன.

ஆகவே பெரியம்மா, நீங்கள் திரும்பி வந்து என்னை அனுப்பும் சங்கடம் உங்களுக்கு வேண்டாம். இந்தக் கடிதத்தையே என் ராஜினாமாவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் தேதியிலிருந்து வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஒதுங்கி நிற்பவனையெல்லாம் என் ஆள் என்று தூக்கிக்கொண்டு வரும் பழக்கத்தையும் இத்தோடு விட்டுவிட்டேன். நீங்கள் எழுதியதுதான் சரி. மூலையில் நிற்பதைத் தொடக் கூடாது.

பெரியப்பாவுக்கு என் அன்பு. அக்காவை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கு இந்த மாமாவின் முத்தம், நல்ல விஷயத்தில் மட்டும் என் சாயல் இருக்கட்டும். உங்கள் காலைத் தொட்டதாக நினைத்து என்னை ஆசீர்வதியுங்கள், அடிக்க வேண்டுமென்றால் நேரில் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் வரவேற்பாளன்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுத்தான் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ள ராஜினாமாவை வாபஸ் வாங்குகிறேன். இன்று காலை கடிக்கிற பாப்பா வந்தாள். போஸ்டரை இழுத்துத் தள்ளினாள், முட்டுக் கொடுத்திருந்த பல் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. எடுக்கலாம் என்று கையை விடப் போனால் அவள் கத்துகிறாள். பார்த்தால், மூலையிலிருந்து கருப்பாக, கடுகு அளவில் ஒன்று வருகிறது, பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னும். நான் சுரண்டப்பட்டவன் என்று நினைத்து நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்தது நிறைமாதக் கர்ப்பிணி. தின்னாமல் மூலையில் நின்றது கொள்கையாலும் இல்லை, நோயாலும் இல்லை. அக்காவைப் பற்றி நீங்கள் போனில் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். குறிப்பு எழுதும்போது உங்களுக்கும் உறைக்கவில்லை என்பதைத் தாழ்மையுடன் சுட்டிக்காட்டுகிறேன். இது முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும் ஜாதி, பெரிய மீன்கள் குஞ்சைத் தின்றுவிடும், தாயும் தின்னும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். உப்புத் தண்ணீர் இந்த ஜாதிக்குப் பிடிக்குமாம், அதையும் சொல்லிச் சிரித்தார். அந்த ஆறையும் இப்போதைக்குப் பெரிய தொட்டியில் விடப்போவதில்லை, அவ்வளவு நன்றாகச் சாப்பிடுகிறவர்களை நம்ப முடியாது. குஞ்சுகளுக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை தீனி, அதற்கு நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும். பாப்பா எண்ணத் தொடங்கி முப்பதுக்கு மேல் எண்ணத் தெரியாமல் வாயைப் பிளந்தபடி நின்றாள். டாக்டர் அந்த நேரத்தை வீணாக்காமல் வேலையை முடித்துவிட்டார். அப்பாவிடம் நீங்களே பேசிவிடுங்கள். இன்னொன்று, வந்தவுடன் வழக்கம்போல, தொட்டியில் கிடக்கும் அந்தச் சொத்தைப் பல்லை எடுத்துவிடாதீர்கள். குழிக்குள் ஆள் குடியிருக்கிறது.