கழுத்து கிழக்கே, வயிறு மேற்கே

சித்திரை வெயிலில் புதுச்சேரியில் குளிரால் நடுங்கிய ஒரே மனிதர் எங்கள் கம்பளி பாய்தான். வேறு யாராவது நடுங்கியதாகச் சொன்னால் நம்பாதீர்கள்; அவர்கள் மாமியாரைக் கண்டு நடுங்கியிருப்பார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய சமயம் அது. அவர்கள் விட்டுப்போன கட்டில், கடிகாரம், குளியல் தொட்டி எல்லாம் முத்தியால்பேட்டையில் நான் வேலை பார்த்த ஏலக்கடைக்கு வந்து சேர்ந்தன. சாமான்களில் சீட்டு ஒட்டுவது என் வேலை. கூவி ஏலம் விடுவது பாயின் வேலை. யாரோ ஒரு துரை கழற்றிப் போட்ட கம்பளிக் கோட்டு கடைக்கு வந்த அன்றே பாய் அதை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்புறம் கழற்றவே இல்லை. அவருடைய சொந்தப் பேர் அத்தோடு போயிற்று.

ஒரு காலத்தில் அவர் குரல் எழும்பினால் தெருக்கோடியில் போகிறவனும் நின்று விலை கேட்பானாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது சாவி தீரும் கிராமபோன் மாதிரி ஆகியிருந்தது. "ஒரு தரம்" என்று ஆரம்பிப்பார். "ரெண்டு தரம்" வருவதற்குள் கூட்டத்தில் பாதி டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடும். ஒருமுறை ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் நின்றபடியே தூங்கிவிட்டார். யோசிக்க அவகாசம் கிடைத்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், தான் கேட்ட விலையைத் தானே உயர்த்திக் கேட்டதால் முதலாளி அன்று மட்டும் திட்டவில்லை.

பாய்க்குக் கழுத்தில் ஒரு வீக்கம். வயிற்றில் எரிச்சல், அதோடு ஓர் அடைப்பு. காலைக்கடன் அவர் விஷயத்தில் வாரக்கடனாக மாறியிருந்தது. கழுத்துக்காக, ஊரைப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர் பக்கத்தில், பிரெஞ்சு படித்த டாக்டரிடம் போவார். தைராய்டு சோம்பிவிட்டது, குளிரும் தூக்கமும் அதனால்தான் என்று சொல்லி, ஆட்டின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்துச் செய்த மாத்திரையை அவர் கொடுத்தார். வயிற்றுக்காக வாய்க்காலுக்கு மேற்கே, சென்னையில் படித்து வந்த டாக்டரிடம் போவார். அவர் ஒரு வெள்ளைப் பொடி கொடுத்தார். ஒருவர் எழுதும் சீட்டு பிரெஞ்சில், மற்றவர் சீட்டு இங்கிலீஷில். ஒருவர் பெயரை மற்றவரிடம் எடுத்தால் இருவருமே ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள்.

"எனக்கு மட்டும் இணைப்பு பாதிதான் ஆயிருக்குது தம்பி," என்பார் பாய் என்னிடம். "கழுத்து இன்னும் பிரெஞ்சுக்காரங்க கிட்ட இருக்குது. வயிறு இந்தியாவோட சேந்துடுச்சு."

விளையாட்டாகச் சொன்னாலும் இந்த விஷயத்தில் அவருக்குத் தீராத ஆவல். கழுத்துக்கும் வயிற்றுக்கும் உள்ளே ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். கறிக்கடைக்குப் போய், ஆட்டின் கழுத்திலிருந்து குடல் வரைக்கும் ஏதாவது கயிறு ஓடுகிறதா என்று நின்று பார்ப்பார். கறி வாங்க மாட்டார். கடைக்காரர் அவர் தலை தெரிந்தாலே கத்தியைத் துடைத்து உள்ளே வைத்துவிடுவார்.

அந்த வருஷம் நோன்பு மாதம் வந்தது. போகப் போக பாயின் குரல் நிமிர்ந்தது. மூணாவது தரத்தை மூச்சுவிடாமல் சொன்னார். கோட்டின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றினார். கிழக்கு டாக்டர் தன் மாத்திரை வேலை செய்கிறது என்றார். மேற்கு டாக்டர் பட்டினியில் வயிறு சீராகிவிட்டது என்றார். பெருநாள் முடிந்தது, கொஞ்ச நாளில் பொத்தான் மறுபடி ஏறியது, குரல் இறங்கியது. முதலாளி பொறுமை இழந்தார். வேறு ஆள் பார்த்துவிட்டதாகவும், அடுத்த பெரிய ஏலம்தான் பாய்க்குக் கடைசி என்றும் சொல்லிவிட்டார். அன்று பாய் சாப்பிடவில்லை. கூவுவதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அவர் மனைவிக்குத்தான் ஒன்று தட்டுப்பட்டது. மற்ற மாதங்களில் பாய் மாத்திரை, பொடி இரண்டையும் காலைக் காப்பியோடு ஒரே மடக்கில் விழுங்குவார். எல்லாம் மருந்துதானே, தனித்தனியாக எதற்கு என்பது அவர் கட்சி. நோன்பு மாதத்தில் அப்படி முடியாது. விடியுமுன் சகர் சாப்பாட்டுக்கு எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை. அடுப்பு மூட்டுவதே அப்புறம்தான். பொடியோ மாலையில் நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு.

"நோன்புல ரெண்டு மருந்தும் ஒண்ண ஒண்ணு பாக்குறதே இல்லீங்க," என்றார் அந்த அம்மாள்.

பாய் இரண்டு டாக்டர்களிடமும் ஓடினார். ஓடினார் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அடுத்தவர் மருந்தை முகர்ந்து பார்க்கக்கூட இருவரும் தயாராக இல்லை.

அந்தக் கடைசி ஏலத்தில் பித்தளை மைக்ராஸ்கோப்பு ஒன்று வந்தது. அதற்காகவே இரண்டு டாக்டர்களும் வந்திருந்தார்கள், கூடத்தின் இந்த மூலையில் ஒருவர், அந்த மூலையில் ஒருவர். போட்டி போட்டு விலையை ஏற்றினார்கள். கடைசியில் கிழக்கு டாக்டர் கேட்டதில் நின்றது. பாய் ஒரு தரம் என்றார். ரெண்டு தரம் என்றார். அத்தோடு நிறுத்திவிட்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தோம். முதலாளி பல்லைக் கடித்தார். பாய் கோட்டின் ஒரு பையிலிருந்து மாத்திரைப் புட்டியையும் இன்னொரு பையிலிருந்து பொடிப் பொட்டலத்தையும் எடுத்து மைக்ராஸ்கோப்பின் இரு பக்கமும் வைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் இதப் பாத்துப் பேசிக்கற வரைக்கும் மூணாவது தரம் சொல்ல மாட்டேன் முசியே," என்றார் பிரெஞ்சு மரியாதையோடு. "எனக்குக் கழுத்தும் வயிறும் ஒரே ஒடம்புலதான் இருக்குது."

கிழக்கு டாக்டருக்கு மைக்ராஸ்கோப்பை விட மனமில்லை. வந்து பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தார். சுண்ணாம்பு என்று முகத்தைச் சுளித்தார். இதையா என் மாத்திரையோடு விழுங்குகிறாய் என்று கேட்டார். மேற்கு டாக்டரும் வந்து புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றார். சொல்ல வந்தபோதெல்லாம் நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள் என்றார் பாய். பிறகு இருவரும் எங்களை மறந்து பேச ஆரம்பித்தார்கள். பிரெஞ்சும் இங்கிலீஷும் ஒத்துவராமல் கடைசியில் தமிழுக்கு வந்தார்கள். கழுத்து மந்தமானதால்தான் குடலும் மந்தம். குடலுக்குக் கொடுத்த பொடி அடைப்பை இன்னும் இறுக்கியதோடு, மாத்திரையையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது போலிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். பொடியை நிறுத்து, விடியலில் வெறும் வயிற்றில் மாத்திரை, காப்பி நன்றாகப் பொறுத்து.

"மூணு தரம்," என்றார் பாய்.

இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டு அடுத்த ஏலத்துக்குக் கூட்டம் நெரிந்ததால், முதலாளி புது ஆளை மழைக்காலம் வரை பொறுக்கச் சொன்னார். மழை வருவதற்குள் பாயின் குரல் தெருக்கோடிக்குத் திரும்பிவிட்டது. புது ஆள் வரவேயில்லை.

மறு சித்திரையில் பாய் கோட்டைக் கழற்றி ஏல மேசைமேல் போட்டார். அந்த வெயிலில் யார் கேட்பார்கள்? நான் ஒரு விலை கேட்டேன். ஒரு தரம் என்றார். ரெண்டு தரம் என்றார். காலரைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டார். மறுபடியும் தூக்கமா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. இதுக்கு வெல சொல்ல வாய் வரல," என்று சொல்லி, கோட்டை என் தோளில் போட்டுவிட்டு அடுத்த சாமானுக்குப் போய்விட்டார்.

இன்னும் அது என் அலமாரியில் தொங்குகிறது. மூணாவது தரம் அவர் சொல்லவே இல்லை. ஆகையால் அது இன்றைக்கும் அவருடைய கோட்டுதான்.