ரப்பர் பாயும் கோவளத்து மணலும்

தாம்பரம் மேம்பாலத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை ஓடும் கார்களில் பாதி, ரப்பர் பாயிடம் திட்டு வாங்கியவை. மீதிப் பாதிக்கு அவற்றின் ஓனர்கள் வாங்கியிருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் வேறெந்த மனிதருக்கும் இந்தப் பெருமை கிடையாது.

முடிச்சூர் ரோட்டில் ஸ்டியரிங் வேலை மட்டும் பார்க்கும் கடை அவருடையது. ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் கோர்க்கும் மூட்டு ஒன்று உண்டு. டை ராட் எண்ட் என்பார்கள். உள்ளே கிரீஸில் ஊறிய ஓர் இரும்பு உருண்டை. அதற்குள் தூசி போகாமல் மேலே ஒரு ரப்பர் உறை. வண்டி வந்து நின்றதும் மனிதர் வணக்கம்கூடச் சொல்லாமல் தரையில் படுத்து அந்த ரப்பரைத்தான் தடவிப் பார்ப்பார். கிழிந்திருந்தால் தொலைந்தோம். "உங்க பனியன் கிழிஞ்சா மாத்தறீங்க இல்ல? இதுக்கு மட்டும் இன்னா கேடு?" என்று ஒரு ரிட்டயர்டு ஜட்ஜையே கேட்டவர். பெயர் அப்படி வந்ததுதான்.

தலை நரைத்த பிறகு எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. செகண்ட் ஹேண்டில் சிவப்பாக ஒன்றை வாங்கினேன். இரண்டே சீட். குனிந்து ஏறிவிட்டால் இறக்கிவிட ஆள் வேண்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி தன் இஷ்டத்துக்கு வேளச்சேரிப் பக்கம் போகப் பார்த்தது. பாய் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூட்டும் போச்சு சார்" என்றார்.

நானே வாங்கி வருகிறேன் என்றேன். "நீங்க டப்பாவப் பாத்து வாங்குவீங்க" என்று கூடவே கிளம்பிவிட்டார். மவுண்ட் ரோடு பக்கத்து ஸ்பேர்ஸ் கடையில் ஏழு டப்பாக்களைப் பிரித்தார். ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து, கண்ணை மூடி, கட்டைவிரலால் உருண்டையை ஆட்டினார். ரப்பரை மடக்கி வெடிப்பு தேடினார். முகர்ந்துகூடப் பார்த்தார். கடைக்காரர் பொறுமை இழந்து, "பாய், பார்ட் வாங்க வந்தியா, பலாப்பழம் வாங்க வந்தியா?" என்றார்.

"பலாப்பழம் கெட்டா வயிறுதான் போவும். இது கெட்டா ஆளே போவான்யா."

எட்டாவது டப்பாவில்தான் ஒரு ஜோடி தேறியது.

அவர் கடைக்குப் பக்கத்தில் டைல்ஸ் அறுக்கிறார்கள், எப்போதும் தூசி. அதனால் வேலை தொடங்கும்வரை பார்ட்டை என் வீட்டில் வைக்கச் சொன்னார். துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவர் போட்டு, என் இரண்டு கைகளிலும் கொடுத்தார். "ரப்பர மட்டும் தொறக்காதீங்க சார். கிரீஸ்ல மணல் உக்காந்தா முடிஞ்சுது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலேஜ் நண்பர்களோடு கோவளம் போனேன், பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு. இம்போர்டட் பார்ட்டைக் காட்டாவிட்டால் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி என்ன பிரயோஜனம்? "உள்ள பளபளன்னு இருக்குமாமே, காட்டு மச்சான்" என்றான் ஒருவன். ஒன்றின் ரப்பரைக் கீழே தள்ளி, கடல் பின்னணியில் நான்கு போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன். காற்று வீசிக்கொண்டிருந்தது. விரலால் துடைத்து, ரப்பரை மூடி, பழையபடி சுற்றிவிட்டேன்.

மாட்டிய மூன்றாவது வாரமே, திருப்பும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். பாய் கடைக்கு விட்டேன். வழியெல்லாம் அந்தப் போட்டோதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும், நாலு கஸ்டமர் முன்னால் கத்தினேன்.

"ஊரையெல்லாம் திட்டத் தெரியுது, ஒரு பார்ட்டை ஒழுங்கா மாட்டத் தெரியாதா பாய்?"

வண்டிக்கு அடியில் படுத்துக் கழற்றினார். கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்தார். முகம் தொங்கிவிட்டது. "மணல் கீது சார். என் கைதான் தப்பு பண்ணிடுச்சு. மன்னிச்சுக்கோங்க." நாலு பேரும் அவரையே பார்த்தார்கள். நான் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதுகூட முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவரே அலைந்து வேறொன்றைத் தேடி மாட்டிக்கொடுத்தார். அதோடு போயிற்று என்று நினைத்தேன். ஆறு மாதம் கழித்து, சிறுசேரியில் வேலை பார்க்கும் நண்பனை அவன் காரோடு அங்கே கூட்டிப்போனேன். பாய் அவனைத் திட்டவில்லை.

"மாட்டினப்புறம் நீங்களும் ஒரு வாட்டி பாத்துக்குங்க சார்" என்றவர் என்னைக் காட்டினார். "இவர் வண்டியில நான் மணல உட்டுட்டேன். அன்னிலேருந்து வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

செய்யாத தப்பை ஆறு மாதமாக வந்தவர் போனவரிடமெல்லாம் ஒப்புக்கொண்டிருக்கிறார் மனிதர்! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நண்பன் இருக்கிறானே என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ரப்பரத் தொறந்தீங்களா? பீச்சுலயா?" என்று எழுந்தேவிட்டார். தொடர்ந்து ஐந்து நிமிடம் திட்டினார். நிம்மதியாக வாங்கிக்கொண்டேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இருந்தாலும் தப்பு என்னுதுதான் சார். யார் கொண்டாந்தாலும் ரப்பரத் தொறந்து பாத்துட்டுதான் மாட்டுவேன். உங்களுத மட்டும் பாக்கல. சார் வூட்ல இருந்ததாச்சேன்னு உட்டுட்டேன்."

ஐந்து நிமிடத் திட்டில் படாத அடி இதில் பட்டது.

போன மாதம் மறுபடி பார்ட் மாற்ற வேண்டி வந்தது. நானே வாங்கி, வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்து, கொண்டுபோய் நீட்டினேன். பாய் துணியைப் பிரித்தார். ரப்பரைத் தொடவில்லை. நேராக வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

"பாய், தொறந்து பாருங்க" என்றேன்.

"எதுக்கு சார்?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று ரோட்டுக்கு வந்துவிட்டேன். அவர் எதிரே கண்ணைத் துடைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. இந்தத் தாம்பரத்தில் எனக்கு அவ்வளவு பிடித்த மனிதர் வேறு யாரும் இல்லை.