முதல் வரியில் பிழை

உ

வேங்கிக்கால்,
27-11-2003

அன்பு மைத்துனன் சக்கரபாணிக்கு மாமா முருகையன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் உன் அக்காவும் உடம்பளவில் சௌக்கியம். போளூரில் நீயும் உன் சம்சாரமும் உரக்கடையும் சௌக்கியம்தானே? ‘உடம்பளவில்’ என்று எழுதியிருப்பதை அவசரத்தில் தாண்டியிருந்தால் திரும்பிப் போய்ப் படி. மனசளவில் உன் மாமா ஒழிந்தான்.

இருபத்திரண்டு வருஷமாக நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜை நீ அறிவாய். ஆவணி மாசம் முதலாளி சின்னசாமி என்னைக் கூப்பிட்டு, “முருகையா, ஆசிரமத்தாண்ட இருக்கிற ரூமெல்லாம் இன்டர்நெட்ல வருதாம். வெள்ளைக்காரன் அவன் ஊர்லேருந்தே பார்த்துட்டு வர்றான். தீபத்துக்குள்ள நம்ம லாட்ஜும் அதுல வந்துடணும். உனக்கு வராதுன்னா சொல்லிடு, நான் வேற ஆளைப் பார்க்கிறேன்” என்றார். ஐம்பத்திரண்டு வயசில் என்னை எந்த லாட்ஜ் கூப்பிட்டு உட்கார வைக்கும்? “வரும் சார்” என்று சொல்லித் தொலைத்தேன்.

அப்போது ஆன்லைன் காலேஜ் ஒன்றின் விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்து அனுப்பி, மூன்று மாசத்தில் வெப் டிசைன் வந்துவிடும் என்று எழுதிய புண்ணியவான் நீதான். கட்டடம் இல்லை, மணி இல்லை, வாத்தியாரம்மா முகத்தை இதுவரை பார்த்ததில்லை. பரீட்சை மட்டும் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் எதிரில் சரோஜா என்கிற அம்மா பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாள். தினமும் சாயங்காலம் அங்கேதான் என் காலேஜ். முதல் நாள் உங்களைப் பற்றி எழுதுங்கள் என்று மெஷின் கேட்டது. பழக்க தோஷம், ‘வெந்நீர் காலை ஐந்து முதல் எட்டு வரை, அறைக்குள் மது, சூதாட்டம் கூடாது’ என்று எழுதிவிட்டேன். கூடப் படிக்கும் லூதியானாக்காரர் ஒருவர் டபுள் ரூம் இருக்கிறதா என்று கேட்டு எழுதினார்.

இருந்தாலும் படித்தேன் சக்கரபாணி, உயிரைக் கொடுத்துப் படித்தேன். கடைசிப் பரீட்சைக்கு ஒரு முழு வெப்சைட் செய்து அனுப்ப வேண்டும். தேறினால் அவர்களே அதை இன்டர்நெட்டில் ஏற்றிவிடுவார்கள். நம் லாட்ஜையே செய்தேன், மலையெல்லாம் வைத்து. திருத்துவது மனுஷர் இல்லை, மெஷின். ஏழு தடவை அனுப்பினேன், ஏழு தடவையும் ‘முதல் வரியில் பிழை’ என்று திருப்பிவிட்டது. வாத்தியாரம்மாவுக்கு மெயில் போட்டால், ‘முதல் வரியில் ஏதோ குறி இருக்கிறது, அதை அழித்துவிடவும்’ என்று பதில் வருகிறது. ஏதோ குறியா? பிள்ளையார் சுழி! லாட்ஜ் வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கம்கூட நான் அது இல்லாமல் ஆரம்பித்ததில்லை.

“அண்ணே, அந்த ஒரு எழுத்தை எடுத்துடுங்க, போயிடும்” என்றாள் சரோஜா.

“பிள்ளையாரை வெளிய அனுப்பிட்டு லாட்ஜை உள்ள விடச் சொல்றியாம்மா?”

“அப்போ ரெண்டாவது வரியில வெச்சுப் பாருங்க.”

வைத்தேன். இரண்டாவது வரியில் பிழை என்றது. கடைசி வரிக்குக் கொண்டுபோனேன், கடைசி வரியில் பிழை. பிள்ளையாரைக் கடைசியில் நிறுத்த அவர் என்ன வெயிட்டிங் லிஸ்டா?

போன திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணியோடு கெடு. ஆறே முக்காலுக்கு மனசைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்காமல் எப்படி எடுப்பது? நூற்றெட்டுத் தோப்புக்கரணம் என்று வேண்டிக்கொண்டேன். மூன்றோடு விட்டிருக்கலாம், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு எதிரிலேயே போட்டேன். பாஸ்போர்ட் பாரம் நிரப்ப வந்தவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எண்பதுக்கு மேல் முழங்கால் மடங்கவில்லை, சரோஜா கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். முடித்து, அழித்து, அனுப்பினால், கெடு முடிந்து நாலு நிமிஷம் ஆகிவிட்டதாம். காலேஜ் கதவைச் சாத்திவிட்டது. அடுத்த பரீட்சை பங்குனியில்தான்.

தீபத்துக்கு இன்னும் பத்து நாள்கூட முழுதாக இல்லை. மூன்று நாளாக முதலாளி லாட்ஜுக்குள் நுழைந்தால் நான் மொட்டைமாடித் தண்ணீர் டேங்கைப் பார்க்கப் போய்விடுகிறேன். உன் அக்காவிடம் மூச்சு விடவில்லை. முழங்கால் ஏன் வீங்கியிருக்கிறது என்றாள், கிரிவலம் போனேன் என்றேன். கல்யாணமான நாள் முதல் எதற்கும் கையாலாகாதவனாக அவள் எதிரில் நான் நின்றதில்லையடா. வேலை போகிறது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து பக்குவமாகச் சொல்லிவிடு. உன் கடையில் மூட்டை எண்ண ஆள் வேண்டுமானால் அதையும் சொல்.

உன் சம்சாரத்துக்கும் என் ஆசி. கடையும் குடும்பமும் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
தோற்றுப்போன உன் மாமா,
முருகையன்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா பொன்னி எழுதுவது. உன் மாமா கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டு ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கிறார். எனக்கு எல்லாம் தெரியும். அவரைப் பிடிக்க முடியாமல் நேற்று முதலாளியே வீட்டுக்கு வந்துவிட்டார். “வெப்சைட்டு எவனாவது போடட்டும்மா. தீபத்தன்னிக்கு ஆயிரம் பேருக்கு ரூம் இல்லைன்னு மூஞ்சி கோணாம சொல்றதுக்கு அவனை விட்டா எனக்கு யாரு இருக்கா? டேங்க்லேருந்து இறங்கி வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நேற்றே இவரிடம் சொல்லியிருப்பேன். தோற்றுவிட்டேன் என்று ஒரு தடவையாவது என்னிடம் வந்து சொல்கிறாரா பார்க்கலாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ வராதே. நீ வந்தால் உன்னை விட்டுச் சொல்ல வைத்துவிடுவார்.