நான் பேஸ் வாசித்த படம்

இமாஸ் அந்தப் படத்தைப் பார்க்கவே கூடாது. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு நான் எடுத்த சபதம் இது. இமாஸ் என் மனைவி. இருபத்தாறு வருடமாக என் சபதங்களை எல்லாம் முடித்து வைப்பது அவள்தான்.

குண்டைத் தூக்கிப் போட்டவர் பக்கத்து வீட்டு டுடுங்.

"யாயாத் அண்ணே, உங்க படம் வருதே!"

"என் படமா?"

"நம்ம பாண்டுங் 'கறுப்புக் குடை' இசைக்குழு! முப்பது வருஷத்துக்கு முன்னாடி கல்லூரி மைதானத்துல நடந்த கச்சேரிய வச்சு ஆவணப்படம் எடுத்திருக்காங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு கலை மன்றத்துல போடுறாங்க. நீங்கதானே பேஸ் கித்தார்?"

பேஸ் கித்தார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் பேஸ்தடித்து நின்றேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. அந்தக் குழுவில் நான் இருந்தது நிஜம். உயர் கலைஞனாக அல்ல, ஒயர் கலைஞனாக. ஒலிபெருக்கிக்கு ஒயர் இழுப்பேன், கச்சேரி முடிந்ததும் சுற்றி வைப்பேன். கல்யாணப் பேச்சுக்கு இமாஸ் வீட்டுக்குப் போன அன்று, "குழுவுல என்ன பண்ணீங்க?" என்று அவள் கேட்டாள். "ஒயர் சுத்தினேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. "பேஸ்" என்றேன். போட்டோ இல்லையா என்றாள். "பேஸ் வாசிக்கிறவன் மேல விளக்கே போட மாட்டாங்க" என்றேன். தலையாட்டினாள்.

இப்போது என்ன பயம் என்கிறீர்களா? இசைப் படங்கள் எனக்கு அத்துப்படி. ஞாயிறு ஆனால் அதுதான் வேலை. கதைப்படம் என்றால் கவலை இல்லை. பாடகன் குடிப்பான், மழையில் நனைவான், கடைசியில் அரங்கமே எழுந்து நிற்கும். நான் அழுவேன். எல்லாம் பொய், அதனால் பத்திரம். ஆவணப்படம் அப்படி இல்லை. வயதான பாடகி ஒருத்தி தன் இருபது வயதுக் குரலை மறுபடி கேட்கும்போது அவள் முகம் போகும் போக்கு இருக்கிறதே, அதை எவராலும் நடிக்க முடியாது. ஆனால் பாதிப் படத்தில் யாராவது ஒருவர் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்குவார். தூசி தட்டுவார். உள்ளே யாருமே பார்க்காத படச்சுருள் இருக்கும். அந்த இடத்தில் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். இந்தத் தடவை அந்தப் பெட்டிக்குள் இருப்பது நானல்லவா!

அன்று மாலையே வேலையை ஆரம்பித்தேன்.

"இமாஸ், சனிக்கிழமை காருட் போய் உங்க அக்காவைப் பாத்துட்டு வரலாமா?"

சோயாத் துண்டு தெம்பே வறுத்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பினாள். "எங்க அக்காவையா? நீங்களா?"

"பாவம், தனியா இருக்காங்க."

"போன மாசம் அவ வந்தப்ப குளியலறைக்குள்ள ஒரு மணி நேரம் ஒளிஞ்சிருந்தீங்க."

"அன்னிக்கு வயிறு சரியில்ல."

"நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம். அவளே சனிக்கிழமை வர்றா. கறுப்புக் குடை படத்துக்கு மூணு டிக்கெட் எடுத்துட்டேன்."

வியாழன் தூக்கம் போயிற்று. வெள்ளி சாப்பாடு போயிற்று. சனிக்கிழமை மூன்று மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தேன்.

இமாஸ் தொப்புளைச் சுற்றித் தைலம் தடவினாள். "நல்லா ஓய்வெடுங்க. நானும் அக்காவும் பாத்துட்டு வந்து கதைய சொல்றோம்."

அது இன்னும் மோசம். என் மானம் போகும்போது நான் பக்கத்திலாவது இருக்க வேண்டாமா? எழுந்து சட்டையை மாட்டினேன்.

"அதுக்குள்ள சரியாயிடுச்சா?"

"தைலம் நல்ல தைலம்."

கலை மன்றம் நிரம்பி வழிந்தது. நடுவில் இமாஸ், அந்தப் பக்கம் அவள் அக்கா லிலிஸ், பின்வரிசையில் டுடுங். பத்தாவது நிமிடம் பேஸ் கித்தாரோடு ஒரு சுருட்டைமுடிக்காரர் திரைக்கு வந்தார். அவர் மேல் விளக்கு பளீரென்று அடித்தது.

"யாரு மாப்பிள்ளை இது?" என்றாள் அக்கா.

"எனக்குச் சளி பிடிச்சா வாசிக்கிறவன்."

"ரெண்டு பேரும் சும்மா பாருங்க" என்றாள் இமாஸ்.

பெட்டி இறங்கியது. தூசி பறந்தது. மேடையில் பாட்டு உச்சத்துக்கு ஏறும் நேரம், தோளில் ஒயர் சுருளோடு ஒரு ஒல்லிப் பையன் குறுக்கே ஓடினான். கால் தடுக்கிக் குப்புற விழுந்தான். பாட்டு, விளக்கு, எல்லாம் அணைந்தது. அரங்கமே சிரித்தது.

டுடுங் என் காதருகே குனிந்தார். "அண்ணே, அந்தப் பையனுக்கு உங்க மூக்கு."

நான் இமாஸ் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. ஆனால் திரும்பாமலே அவளைப் பார்த்தேன். அவள் திரையில் இருந்தாள்! எங்கள் வீட்டு மஞ்சள் திரைச்சீலை முன்னால், நீல கெபாயாச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு.

"அந்தக் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன்" என்றாள் திரை இமாஸ். "என்ன பாட்டுன்னு இப்ப ஞாபகம் இல்ல. அரை மணி நேரம் ஒரே இருட்டு. எல்லாரும் கத்துறாங்க. அந்த ஒயர்காரப் பையன் மட்டும் மெழுகுவத்தியோட வரிசை வரிசையா வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்பு கேட்டான். அழுதுட்டே கேட்டான். அவனைத்தான் கட்டிக்கிட்டேன்."

யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். லிலிஸ் அக்கா மூக்கைச் சிந்தினாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. "எப்ப எடுத்தாங்க இத?"

"கச்சேரி பாத்தவங்களைத் தேடிக்கிட்டு வந்தாங்க. நீங்க ஆபீஸ் போயிருந்தீங்க."

"அப்ப கல்யாணம் பேச வந்தன்னிக்கே என்னைத் தெரியுமா?"

"வாசல்ல செருப்பு தடுக்கி விழுந்தீங்களே, அப்பவே."

"பின்ன ஏன் இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல?"

"பேஸ் வாசிச்ச கதைய நீங்க சொல்ற அன்னிக்கெல்லாம் மனசு உறுத்தி, பாத்திரம் பூரா நீங்களே கழுவி வைப்பீங்க. நான் எதுக்கு அதைக் கெடுத்துக்கணும்?"

மூன்று நாள் பாரம் இறங்கியது. நிம்மதியாக மூச்சு விட்டேன். "அப்பாடா! இனிமே பொய்யும் இல்ல, பாத்திரமும் இல்ல."

இமாஸ் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"இதுவரைக்கும் பொய் சொன்னதுக்குக் கழுவினீங்க. இனிமே மாட்டிக்கிட்டதுக்குக் கழுவுங்க."