மனிதன் என்று நிரூபித்த கதை

இந்த முறை ஜெனிற்றாவிடம் தோற்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். கலியாணமாகிப் பதினொரு வருடத்தில் இது எத்தனையாவது முடிவு என்று கேட்காதீர்கள். இது வேறு. இது உரிமைப் பிரச்சினை.

நான் குருநகரில் பிறந்தவன். பரம்பரையாக மீன்பிடிக் குடும்பம். ஆனால் படகில் ஏறினால், கயிறு அவிழ்க்க முன்னமே சத்தி எடுத்துவிடுவேன். அதனால் கரையிலேயே, கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. கடலுக்குப் போகாத குறையைக் கந்தோர்க் கணினியில் தீர்த்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் ஒரு விளையாட்டு. வலை வீசி மீன் பிடிக்க வேண்டும். சுறா மூன்று தரம் கடித்தால் வலை போச்சு. அங்கே என் பெயர் ‘கடல்ராசா’. முப்பத்தெட்டாயிரம் புள்ளி. ஒரு லட்சம் எடுக்காமல் ஓய்வதில்லை என்றிருந்தேன்.

இடையில் ஒரு சின்ன அலுவல். அலுமாரியில் கிடக்கும் நாலு தடித்த படகுப் பதிவு இடாப்புகளையும், மொத்தம் ஆயிரத்து எண்ணூறு படகு, கணினியில் ஏற்ற வேண்டும். பதினாலு மாதமாக நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வருடாந்தக் கூட்டத்துக்கு முன் முடியாவிட்டால் என் கதிரை பக்கத்து மேசை றோய்க்கு என்று தலைவர் அடைக்கலநாதன் அண்ணை சொல்லிவிட்டார். அதோடு நின்றாரா? கந்தோர் வைஃபையில் விளையாட்டுகளையெல்லாம் பூட்டுவதற்கு ஆளும் பிடித்தார். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிற ஒரு ரீச்சர். பெயர் ஜெனிற்றா. என் மனுசி.

“என்னப்பா, என்ரை கந்தோரையே பூட்டிப்போட்டீரோ?”

“கந்தோரைப் பூட்டேல்லை. விளையாட்டைத்தான் பூட்டினனான்.”

“எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லவேண்டாமெண்டு தலைவர் சொன்னவர். இடாப்பு எந்தளவிலை நிக்குது?”

“நாளைக்குத் தொடங்குறன்.”

“நல்லது. இனி உங்களுக்கு வேறை வேலையும் இல்லைத்தானே.”

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் முதலில் சொன்ன முடிவை எடுத்தேன்.

வாய்ப்பு அடுத்த நாளே வந்தது. சாப்பிடும்போது அவளே தன் கவலையைச் சொன்னாள்.

“பூட்டப் பூட்டப் பெடியள் வேறை பக்கம் கண்டுபிடிக்கிறாங்களப்பா. பேர் கணக்குப் பாடம், உள்ளுக்கை விளையாட்டு. இண்டைக்கு ஒருத்தனிட்டை ஒரு கடதாசி பறிச்சனான். ஏழு விலாசம். என்ரை பாக்குக்கைதான் கிடக்கு.”

“சீ, கெட்ட பழக்கம்” என்றேன்.

அவள் குளிக்கப் போனாள். நான் அவளின் கைப்பையைத் திறந்து கடதாசியைப் போனில் படம் பிடித்தேன்.

கந்தோரில் ஆறு விலாசம் திறக்கவில்லை. ஏழாவது, ‘கணக்குப் பயிற்சி’, திறந்தது. என் மீன்கள். என் சுறாக்கள். கதிரையோடு துள்ளினேன்.

“என்ன றெஜி அண்ணை?” என்றான் றோய்.

“கணக்கு” என்றேன்.

ஒரேயொரு வித்தியாசம். வலை அறுந்ததும், ‘நீங்கள் மனிதரா? நிரூபிக்கவும்’ என்று கேட்டது. கீழே ஒரு படம். அதில் கையால் எழுதிய படகுப் பெயர், இலக்கம், சொந்தக்காரர். பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். ஐந்து படகுக்கு ஒரு வலை. மற்ற இடங்களில் பஸ்சைக் காட்டு, பாலத்தைக் காட்டு என்று கேட்கிறார்கள்தானே, மீன் விளையாட்டு என்றபடியால் படகைக் கேட்கிறது என்று நினைத்தேன். ‘ஆரோக்கியமாதா’, ‘யாகப்பர் துணை’ என்று வந்தபோது புல்லரித்தது. இதைச் செய்தவன் வெளிநாட்டிலிருக்கிற எங்கள் ஊர்ப் பெடியனாக்கும் என்று பெருமைப்பட்டேன்.

எழுத்துத்தான் சகிக்கவில்லை. வீட்டிலும் வாய்விட்டுவிட்டேன்.

“கந்தோரிலை ஒரு பழைய கடதாசி, ஜெனிற்றா. கோழி கிண்டின மாதிரி எழுத்து. ஆரோ ஒரு மடையன் எழுதியிருக்கிறான்.”

“வாசிக்க ஏலுமோ?”

“நானெண்டபடியால் வாசிக்கிறன்.”

“ஓம். உங்களை விட்டால் ஒருத்தராலும் ஏலாது” என்று சொல்லி, பெரிய மீன்தலையை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். பதினொரு வருடத்தில் முதல் தடவை என்னைப் புகழ்ந்தாள். அவளை ஏமாற்றுகிறேனே என்று எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

மூன்று கிழமை. தேத்தண்ணிக்கும் எழும்பவில்லை. ஒரு நாளைக்கு இருபத்துநாலு வலை. அறுபதாயிரம். எண்பதாயிரம். விரல்கள் என் சொல்லைக் கேட்காமலே ஓடின. சுறா கடித்தால் கவலையே இல்லை, படகுகளைத் தட்டித் தள்ளிவிட்டு மறுபடி கடலில் இறங்குவேன். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் லட்சத்தைத் தாண்டினேன். உடம்பெல்லாம் சூடேறியது. கத்தாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகுதான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வருடாந்தக் கூட்டம்.

வீட்டுக்கு ஓடினேன்.

“ஜெனிற்றா, நாளைக்குக் கூட்டம். இடாப்பிலை ஒரு வரிகூட ஏத்தேல்லை. கதிரை போச்சு.”

அவள் ஏசவில்லை. தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். ஆயிரத்து எண்ணூறு படகும் இலக்க ஒழுங்கில் நின்றன.

“ஆர் ஏத்தினது?”

“கடல்ராசா எண்டு ஒராள். பிழையும் ரெண்டு மூண்டுதான். கெட்டிக்காரன்.”

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்ப அந்த ஏழாவது விலாசம்?”

“நான் செய்த பக்கம்தான். வைஃபை பூட்ட வந்த அண்டு இடாப்பு முழுக்கப் படம் பிடிச்சனான்.”

“ஏன், நீரே பார்த்துத் தட்டியிருக்கலாமே?”

“எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லையப்பா. அந்தக் கோழி கிண்டின எழுத்து உங்கடைதானே.”

வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. கதிரை தப்பியது. கூட்டத்தில் கைதட்டினார்கள். அடைக்கலநாதன் அண்ணை என் தோளில் தட்டினார்.

“றெஜி, இவ்வளவு கெதியா முடிப்பீர் எண்டு நினைக்கேல்லை. உறுப்பினர் இடாப்பு ஆறும் இனி உமக்குத்தான்.”

அந்த மேடையிலேயே முடிவெடுத்தேன். இனி அந்தப் பக்கத்தை என் கையால் திறப்பதில்லை. இது கடைசி முடிவு. உறுதியான முடிவு.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, சும்மா பார்ப்போமே என்று திறந்தேன்.

‘வாழ்த்துகள், கடல்ராசா. இரண்டாம் கட்டம்: ஆழ்கடல், திமிங்கிலங்களும் உண்டு. நீங்கள் மனிதரா?’

றோய் பார்க்கிறானா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, முதலாவது உறுப்பினரின் பெயரைத் தட்டத் தொடங்கினேன்.